ஒரு மஞ்சாடி கூடுதல்

குவைத்
8.7.1996

அன்புள்ள கார்த்தியாயினி டீச்சருக்கு,

இரண்டாம் வகுப்பு நஷீதாவின் உம்மா ஸுபைரா எழுதுவது. நலம்தானே? நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வருகைப்பதிவு எடுக்கும்போது என் மகள் பெயரை நீங்கள் கூப்பிடுவதே இல்லை என்று அவளைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கை எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளை என்றால் வகுப்பில் இல்லாத பிள்ளையா?

வீட்டில் அவள் வாய் ஓயாது டீச்சர். நான் கிளம்பிய அன்றும், "உம்மா, அங்க மழை பெய்யுமா? குடை எடுத்துக்கிட்டியா?" என்று ஒரே தொணதொணப்பு. இப்போது போனில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். இங்கே அடுத்தவர் பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது அந்தக் குரலை நினைத்துப் பார்க்கிறேன். மறந்துகொண்டே வருகிறது.

ஸுபைரா

திரூர்
25.7.1996

அன்புள்ள ஸுபைரா,

உன் கோபம் நியாயம்தான். பெயர் கூப்பிட்டதும் வகுப்பே திரும்பிப் பார்க்கும். உன் மகளுக்குக் கை சில்லிட்டுவிடும். ஒருநாள் பாவாடையே நனைந்துவிட்டது. அன்றோடு பெயர் கூப்பிடுவதை நிறுத்தினேன், எல்லோருக்கும்தான். இப்போது வருகிற பிள்ளைகள் குன்றிமணி மாதிரிச் சிவந்த மஞ்சாடி விதையை ஆளுக்கொன்றாக என் மேசைப் பெட்டியில் போடுகிறார்கள். "பள்ளிக்கூடமா டீச்சர், பல்லாங்குழியா?" என்கிறார் தலைமையாசிரியர். நஷீதா தன்னுடையதைத் துடைத்துவிட்டுத்தான் போடுவாள்.

பேசு பேசு என்று அவளை நெருக்காதே. போனில் நீ பேசு, பதில் கேட்காதே.

கார்த்தியாயினி

குவைத்
2.9.1996

அன்புள்ள டீச்சருக்கு,

சொன்னபடியே செய்கிறேன். இங்குள்ள வெயிலையும் பூனையையும் பற்றிப் பேசுகிறேன். அந்தப் பக்கம் மூச்சு. "உம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும் டீச்சர், வேறொன்றும் வேண்டாம்.

ஸுபைரா

திரூர்
12.11.1996

அன்புள்ள ஸுபைரா,

நேற்று ஷைனி என்ற பிள்ளையின் மஞ்சாடி கைதவறி உருண்டுவிட்டது. ஒரே அழுகை. பின்னாலிருந்து ஒரு குரல்: "டீச்சர், பெஞ்சுக்கு அடியில கெடக்கு. அவ வந்திருக்கா, கணக்குல விட்டுடாதீங்க." நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமே! கரும்பலகையைப் பார்த்தே அழுதேன்.

உன்னோடு பேச வேண்டுமாம், நஷீதாவே கேட்டாள். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்.

கார்த்தியாயினி

திரூர்
2.12.1996

அன்புள்ள ஸுபைரா,

வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது, "உம்மா, நான்தான். அங்க மழை பெய்யுதா?" என்று அவள் கேட்டாள். நீதான் பேசவில்லை. உன் மூச்சு பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது. பிறகு நீ போனை வைத்துவிட்டாய்.

நான் சமாதானம் சொல்லப் போனேன். அவளோ, "உம்மாவ நெருக்காதீங்க டீச்சர். உம்மாக்குக் கூச்சமா இருக்கும்" என்றாள்.

இன்று காலை பெட்டியில் இரண்டு மஞ்சாடி போட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணு உம்மாவோடது."

வகுப்புக் கணக்கில் ஓர் ஆள் கூடுதலாகக் காட்டுகிறது ஸுபைரா. நான் அதை எடுக்கப்போவதில்லை.

கார்த்தியாயினி