போனுக்குள் தேடிய உங்கள் முகம்

அப்பா,

இன்று காலை உங்கள் இறப்புச் சான்றிதழை என் போனில் டவுன்லோட் செய்தேன். பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே செய்த வேலை. இறங்கிவிட்டது என்று திரையின் உச்சியில் ஒரு வரி வந்து, நான் தொடுவதற்குள் மறைந்துபோனது. ஃபைல்ஸைத் திறந்து டவுன்லோட்ஸுக்குள் போனேன். சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கடியில் கரண்ட் பில், பாப்பாவின் ஸ்கூலில் அனுப்பிய சுற்றறிக்கை, இன்னும் ஏதேதோ. விரலால் தள்ளிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். 'அப்பா' என்று நானே பெயர் வைத்த ஃபைல். உங்கள் ஆதார்.

நீங்கள் இன்னார் என்று சொல்வதும், நீங்கள் இல்லை என்று சொல்வதும் ஒரே திரையில் இருந்தன. அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டிய பீங்கான் ஃப்யூஸ்கள் மேஜையில் அப்படியே கிடக்க, நான் போனைப் பிடித்தபடி நின்றேன். அந்த ஃபைலை நான் தேடிய நாளைப் பற்றி உங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அது உங்களைப் பற்றியது என்று உங்களுக்குப் புரிந்திருக்காது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

அன்றைக்கும் இதே பீங்கான் யூனிட்டில், இதே மேஜையருகில்தான் இருந்தேன். அம்மா போன் செய்து, அப்பா உன்கிட்ட வந்தாரா என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்கத்தான் பார்த்தாள். டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். வாசல் கதவு திறந்து கிடந்தது. செருப்பு இல்லை. தெருமுனை வரை ஓடிப் பார்த்தும் நீங்கள் இல்லை.

கடைவீதியில் பாய் கடையில் வாழ்நாள் முழுக்கப் புடவை விரித்துப் போட்டவர் நீங்கள். எத்தனையோ வருஷம் கழித்து வருகிற பெண்ணிடம்கூட, "போன தடவ தங்கச்சி கல்யாணத்துக்கு மாம்பழக் கலரு எடுத்தீங்க" என்று சொல்லி அவளைத் திகைக்க வைப்பீர்கள். அப்படிப்பட்ட உங்களுக்குத்தான் முகங்கள் நழுவ ஆரம்பித்தன. முதலில் தெருக்காரர்கள். பிறகு என் வீட்டுக்காரர். பிறகு, சில நாட்களில் மட்டும், நான். ஆனால் போனில் காலை வணக்கம் அனுப்புவதை மட்டும் நீங்கள் மறக்கவே இல்லை. ரோஜாப்பூ, சூரிய உதயம், ஆவி பறக்கும் காபி. அம்மாவின் போனிலிருந்து எனக்கும், கடையில் உங்களோடு வேலை பார்த்தவர்களின் குரூப்புக்கும் தினமும் தவறாமல் போய்விடும்.

கடைவீதியில் தேடினேன். கோயிலைச் சுற்றி வந்தேன். மணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்று கீழே பார்க்கவே பயந்து, பிறகு பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் ரயில்வே ஜங்ஷன் பக்கம் நடந்துபோனதாகப் பூக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டதும் ஆட்டோ பிடித்தேன். நம் ஜங்ஷனிலிருந்து எந்தத் திசைக்குத்தான் வண்டி இல்லை? சேலம் போகும், திருச்சி போகும், கடலூர் போகும், சென்னை போகும். ஏறி உட்கார்ந்துவிட்டால் இறங்கத் தெரியாது உங்களுக்கு. யாராவது பெயர் கேட்டால் சிரிப்பீர்கள்.

பிளாட்பாரம் முழுக்க ஓடினேன். நீங்கள் இல்லை. ஸ்டேஷனில் டியூட்டியில் இருந்த பெண் போலீஸ் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் வயது, உயரம், சட்டை நிறம் எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "சமீபத்துல எடுத்த போட்டோ ஒண்ணு குடுங்கம்மா, எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பிடலாம்" என்றார்.

போனை எடுத்தேன். விரலெல்லாம் பீங்கான் மாவு. ரேகையை போன் ஏற்கவில்லை. புடவையில் துடைத்துத் துடைத்துத் திறந்தேன். கேலரிக்குள் போனால், அப்பா, அது முழுக்க நீங்கள் அனுப்பியவைதான் இருந்தன. ரோஜா, சூரியன், காபி, மறுபடியும் ரோஜா. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பாப்பா இருந்தாள், அம்மா இருந்தாள், நான் இருந்தேன். நீங்கள் இல்லை. யார் எடுக்க வந்தாலும் "என்ன எதுக்கு எடுக்குற, புள்ளையள எடு" என்று நகர்ந்துவிடுவீர்கள். அதையும் மீறி எடுத்திருந்த கொஞ்சநஞ்சமும், பீங்கானுக்குப் பளபளப்புப் பூச்சு கொடுக்கும் கிளேஸ் தொட்டிக்குள் என் பழைய போன் விழுந்தபோது அதோடு போய்விட்டது. ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தும் கையிலிருந்த போனில் என் தகப்பன் முகம் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் ஆதார் நினைவுக்கு வந்தது. ஒரிஜினல் கார்டை நீங்களே எங்கேயோ பத்திரப்படுத்திவிட்டதால், சில மாதங்களுக்கு முன் நான் அதை போனில் இறக்கி வைத்திருந்தேன். எங்கே இறக்கினேன்? வாட்ஸப்பில் தேடினேன், இல்லை. ஃபைல்ஸில் 'ஆதார்' என்று தமிழில் அடித்தேன், இல்லை. ஆங்கிலத்தில் அடித்தேன், அப்போதும் ஒன்றும் இல்லை என்றது. வண்டி ஒன்று கிளம்புவதாக அறிவிப்பு ஒலித்தது. அதில் நீங்கள் இருந்தால்? எழுந்து ஓடுவதா, உட்கார்ந்து தேடுவதா என்று தெரியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன். அந்தப் பெண் போலீஸ் போனை வாங்கிப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நடுவே இன்னொரு 'ஏ' வரும் என்றும், நான் ஒன்றை விட்டுவிட்டேன் என்றும் சொன்னார். பேரைப் போட்டுத் தேடாமல் பிடிஎஃப் மட்டும் தனியாகப் பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்த்தபோது நீளமான எண் ஒன்றை வாலாகச் சுமந்துகொண்டு அது கிடந்தது.

தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டது.

உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்து, அதோடு பிறந்த வருஷம். இறக்கிய அன்றைக்கு ஏதோ ஒரு தாளைப் பார்த்து அடித்திருந்தேன். இப்போது எனக்கு எந்த வருஷமும் நினைவில்லை. நீங்கள் பிறந்த நிஜ வருஷம் வேறு, ஸ்கூலில் சேர்க்கும்போது சொன்னது வேறு, கார்டில் ஏறியது வேறு என்பது மட்டும்தான் தெரியும். தோன்றியதையெல்லாம் அடித்தேன். தவறு, தவறு என்றே சொன்னது. அம்மாவுக்கு போன் செய்தேன். அவள் அழுதுகொண்டே, நீங்கள் ஐப்பசி மழையில் பிறந்தவர் என்றாள். வருஷம் சொல்லும்மா என்று கத்தினேன். மூக்கை உறிஞ்சினாள். பிறகு சொன்னாள்.

"எனக்குப் போட்ட வருஷத்தையேதான் அவருக்கும் போட்டுட்டாங்க. நா அவர விட ரொம்ப எளையவன்னு சொன்னேன், கேக்கல. எங்கார்டுல என்னா இருக்குதுன்னு பாரு."

அம்மாவின் கார்டு என் பர்ஸில் இருந்தது. பார்த்து அடித்தேன். திறந்தது.

திறந்தும் என்ன, அப்பா. தபால்தலை அளவு படம். விரித்துப் பெரிதாக்கினால் கட்டங்கட்டமாகக் கலைந்தது. வெளிச்சத்தைப் பார்த்து மிரண்ட கண்கள், கறுத்துப்போன முகம். எனக்கே அது நீங்கள் என்று சொல்லத் தயக்கமாக இருந்தது. பெண் போலீஸ் வெகுநேரம் பார்த்தார். "இத வச்சு ஆளக் கண்டுபுடிக்கிறது கஷ்டம்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை. நான்தான் அங்கேயே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன். என் அப்பாவை யாரோ ஒரு ஆளாகவே தொலைத்துவிட்டு வந்து நிற்பதுபோல் இருந்தது.

வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே எனக்குத் தெரிந்த எண்ணுக்கெல்லாம் அனுப்பினேன். கொஞ்சநேரத்தில் சலீம் பாய் கூப்பிட்டார், உங்கள் முதலாளியின் மகன், இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறவர். என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு, தன்னிடம் நல்ல படம் இருக்கும், தேடி அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினார்.

ஏதோ ஒரு தீபாவளி வியாபாரத்தின்போது எடுத்தது. பச்சைப் புடவை ஒன்றின் முந்தானையை உங்கள் தோளிலேயே போட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்கள். வாய்கொள்ளாச் சிரிப்பு. வீட்டில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தேடிக்கொண்டிருக்கிற மனிதரை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தேன். பெண் போலீஸுக்கு அனுப்பினேன். பாயும் தன் கஸ்டமர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

வெயில் தாழும்வரை ஒரு சேதியும் இல்லை. ஒவ்வொரு வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது. போன் சார்ஜ் இறங்க இறங்க என் உயிரும் இறங்கியது. பிறகு பாய் மறுபடி கூப்பிட்டார்.

"திட்டக்குடி பஸ் ஸ்டாண்டுல இருக்காராம். நம்ம கஸ்டமர் ஒருத்தரு போட்டோவப் பாத்துட்டு சொல்றாரு. கூப்புட்டா வர மாட்றாராம். அந்தக் கஸ்டமரு பக்கத்துலயே இருக்காரு, நீ பதறாம போம்மா."

ஏன் திட்டக்குடி? நமக்கு அங்கே யாரும் இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ் கருவேப்பிலங்குறிச்சியில் நின்றபோதும் பெண்ணாடத்தில் நின்றபோதும், இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் நீங்கள் எழுந்து வேறு பஸ்ஸில் ஏறிவிட்டால்?

ஏறவில்லை. சிமெண்ட் பெஞ்சில், சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டபடி, நிதானமாக உட்கார்ந்திருந்தீர்கள். உங்களைக் காவல் காத்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம்விட்டார். நான் பக்கத்தில் விழுந்தேன். அழுகை மட்டும்தான் வந்தது. நீங்கள் என்னைப் பார்த்து, கடைக்கு வந்த பெண்ணிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினீர்கள்.

"அழுவாதம்மா. யாரையாச்சும் காணமா?"

நான் உங்களைப் பார்த்தேன். கண்ணில் என்னை அறிந்த சாயலே இல்லை. ஆமாங்க என்றேன். எங்க அப்பாவக் காணோம் என்றேன். வேறு என்ன சொல்ல?

"போட்டோ இருக்குதா?"

போனில் அந்தப் பச்சைப் புடவைப் படத்தை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, அக்கறையாகப் பார்த்தீர்கள்.

"எங்கயோ பாத்த மாதிரிதான் இருக்குது. நல்ல மனுஷனாத் தெரியிறாரு. கெடைச்சிடுவாரும்மா" என்றீர்கள்.

என்னோடு வந்து தேடுவீர்களா என்று கேட்டேன். உடனே எழுந்துவிட்டீர்கள். அன்று காலையிலிருந்து யார் கூப்பிட்டும் வராத நீங்கள், எனக்காக வந்தீர்கள். திரும்பும் வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை நீட்டி, கீழே நிற்கிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். பெண்ணாடத்தில் கண்டக்டரைக் கூப்பிட்டு, இந்தப் பொண்ணோட அப்பாவப் பாத்தீங்களா என்று விசாரித்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "பாவம், இதோட அப்பாவக் காணமாம். மொதல்ல சோறு போடு" என்றீர்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அந்த ஃபைலின் நீளமான எண்ணை அழித்து 'அப்பா' என்று பெயர் வைத்தேன். சிரிக்கும் படத்தை அம்மா போனிலும் என் வீட்டுக்காரர் போனிலும் ஏற்றினேன். உங்கள் சட்டைப் பையில் என் நம்பரை எழுதி வைத்துத் தைத்தேன். இனிமேல் நீங்கள் தொலையவே முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னை மகளாக அறிந்துகொள்ளவே இல்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் அழுத அந்தப் பெண்ணை மறக்கவில்லை. நான் வரும்போதெல்லாம் "ஒங்கப்பா கெடைச்சாராம்மா?" என்று கேட்பீர்கள். கிடைத்துவிட்டார் என்பேன். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல் உங்கள் முகம் மலரும். சளி நெஞ்சில் கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதுகூட, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கண்ணாலேயே அதைக் கேட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். "பத்தரமாப் பாத்துக்க" என்றீர்கள். உங்களிடமிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன், அப்பா. ஆனாலும் போய்விட்டீர்கள். இந்தத் தடவை எந்த பஸ்ஸில் ஏறியும் பிரயோஜனமில்லை. யாருக்கு எந்தப் படத்தை அனுப்பியும் பிரயோஜனமில்லை. நான் யார் என்று தெரியாதபோதும் என் அப்பாவை எனக்காக ஊர் ஊராகத் தேடிக்கொண்டு வந்த ஒருவர் இருந்தார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், என்னை அறியாமல், நிற்கும் இடங்களிலெல்லாம் தலையை நீட்டிப் பார்த்துவிடுகிறேன்.

உங்கள் மகள்