அப்பா யாரையும் போய்ப் பார்க்க மாட்டார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதறது. இங்க எல்லாரும் நலம்னு ஆரம்பிச்சுத்தான் நமக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுத எனக்கு மனசு வரலை. இங்க பாதி நலம், பாதி நலமில்லை, எது எதுன்னு கீழே எழுதறேன். நீயும் பதில் போடும்போது உள்ளதை எழுது, "எல்லாம் நல்லா இருக்கும்மா"ங்கற அந்த ஒத்தை வரியைப் படிச்சுப் படிச்சு எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. போன்ல பேசலாம்னா, நான் நாலு வார்த்தை சொல்றதுக்குள்ள சரிம்மா சரிம்மான்னு நீ வெச்சுடுவே. கடிதத்தை அப்படி வெக்க முடியாதுல்ல, அதான் உக்காந்து எழுதறேன்.

உன் கடிதம் வந்தப்போ அப்பா பஸ் டிப்போவுல காலை ஷிப்ட் முடிச்சு வந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தார். நான் மெஷின்ல பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வெச்சுக்கிட்டு இருந்தேன், கையெடுக்க முடியலை, நீங்களே சத்தமாப் படிங்கன்னேன். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கிட்டே போச்சு. சாமியார் ஆகறதுக்கு முந்தின படி, அந்தத் திருத்தொண்டர் பட்டம் இந்த வருஷம் உனக்குக் கிடையாது, கூடப் படிச்ச மத்தவங்களுக்கெல்லாம் உண்டு, உன்னை மட்டும் படுத்த படுக்கையா கிடக்கறவங்களைப் பாத்துக்கற இல்லத்துக்கு ஒரு வருஷம் அனுப்பறாங்க, பட்டத்தைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்னு குருமடத்து அதிபர் சொல்லிட்டார். நான் பண்ண தப்பு என்னன்னு நீ கேட்டதுக்கு, தப்பே இல்லை, அதுதான் எனக்குப் பயமா இருக்குன்னாராம். இத்தனை வருஷத்துல நீ யார்கூடவும் ஒரு சண்டை போட்டதில்லை, இன்னைக்கு ஜெபம் பண்ணவே பிடிக்கலைன்னு ஒரு நாள் சொன்னதில்லை, மாசாமாசம் ஆன்ம குருகிட்ட மனசு விட்டுப் பேசிட்டு வான்னு அனுப்பினா போன சூட்டோட திரும்பி வந்துடறே, உள்ளே என்ன பேசினேன்னு நான் கேக்கவும் கூடாது, அவர் சொல்லவும் மாட்டார், ஆனா கதவு எவ்வளவு சீக்கிரம் திறக்குதுங்கறது எனக்குத் தெரியுதேன்னாராம். உன்னை இங்க யாருக்கும் தெரியலை தம்பி, தெரியாத ஒருத்தனை இவன் தகுதியானவன்னு பட்டம் குடுக்கற ஆயர் முன்னால எப்படி நிறுத்துவேன்னு கேட்டாராம். இதையெல்லாம் எழுதிட்டு நீ கீழே எழுதியிருந்தே பாரு, ஆய் மூத்திரம் அள்ளவா நான் இத்தனை வருஷம் இறையியல் படிச்சேன்னு. அந்த வரி வந்ததும் அப்பா நிறுத்திட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உனக்கு அள்ளினவ நான், ஒரு இறையியலும் படிக்காமலேதான் அள்ளினேன்.

கோவிச்சுக்காதே. உண்மையைச் சொல்றேன், அந்தக் கடிதத்தைக் கேட்டப்போ எனக்கு வருத்தத்தோட வருத்தமா ஒரு சந்தோஷமும் வந்துச்சு. நீ குருமடத்துக்குப் போனதிலேருந்து கோபமா எழுதின முதல் கடிதம் இதுதான். அப்பாடா, நம்ம புள்ள உள்ளே உயிரோடதான் இருக்கான்னு நினைச்சேன்.

ஆனா கடைசியில கேட்டிருக்கே பாரு, அதுக்குத்தான் இந்தக் கடிதம். ஆயருக்கு அடுத்த இடத்துல இருக்கற பெரிய சாமியார் அப்பாவோட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவர், அப்பா நேர்ல போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கண்ணு மூடறதுக்குள்ள புள்ளையைப் பீடத்துல பாக்கணும்னு ஆசைப்படறாள்னு சொன்னா காரியம் நடந்துடும்னு எழுதியிருக்கே. அடப்பாவி, என்னைப் பாதி சாகடிச்சுத்தானா உனக்குப் பட்டம் வேணும்? எனக்கு என்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன், இப்பவும் நாள் முழுக்க மெஷினை விட்டு எழுந்திரிக்காம தைக்கறேன். அப்பாவுக்கு உன்மேல பாசம் கண்ணை மறைச்சிடுச்சு, மறுநாளே லீவு சொல்லிட்டு வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சுட்டார். வேண்டாங்கன்னு சொன்னேன், காதுல போட்டுக்கலை. பல்லு விளக்க அந்தப் பக்கம் போனார், தேய்ச்சு வெச்ச சட்டையைத் தூக்கி அப்படியே வாளித் தண்ணியில முக்கிட்டேன். வந்து பாத்துட்டுக் குதிகுதின்னு குதிச்சார். நல்லாக் குதிங்க, இன்னொரு சட்டை எடுத்தா அதுவும் வாளிக்குத்தான்னேன். அப்புறம் ரெண்டு நாள் என்கிட்டப் பேசலை. இப்ப பேசறார். உனக்கு நான் தெளிவாச் சொல்லிடறேன், அப்பா யாரையும் போய்ப் பார்க்க மாட்டார், நானும் பார்க்க மாட்டேன், உன் சித்தப்பாவையும் போக விடமாட்டேன்.

சித்தப்பாவுக்கு உன்னைவிடக் கோபம். அச்சகம் வெச்சிருக்கோமே, அண்ணன் மகன் பட்டத்துக்கு நாமதான் முதல்ல அடிக்கணும்னு, குருமடத்துலேருந்து அழைப்பு வர்றதுக்கு முன்னாலேயே அழைப்பிதழை அடிச்சு அடுக்கிட்டார் மனுஷன். தேதி போட இடம் மட்டும் விட்டிருந்தாராம், அதை ஒரு பெரிய புத்திசாலித்தனமாச் சொல்லிக்கிறார். ஊருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்னு வந்து கத்தினார். நான் அந்தப் பெட்டியை அப்படியே வாங்கி வெச்சுக்கிட்டேன். நல்ல கெட்டித் தாள், பின்பக்கம் ஒண்ணுமில்லாம பளிச்சுன்னு இருக்கு, தைக்க வர்றவங்களுக்கு அளவு எழுத அதைத்தான் கிழிச்சுக்கிட்டு இருக்கேன். இந்தக் கடிதமும் அதுலதான் எழுதறேன், திருப்பிப் பாத்தியா, உன் பேரு தங்க எழுத்துல மின்னும். மின்னட்டும்.

அதிபர் சொன்னது தப்புன்னு நீ நினைக்கறே. நான் நினைக்கலை. நீ போன தடவை லீவுல வந்து இருந்த ரெண்டு நாளும் இடது பக்கமா மென்னு மென்னு சாப்பிட்டே. பல்லு வலிக்குதான்னு கேட்டேன், இல்லையேம்மான்னு சிரிச்சே. கன்னம் வீங்கியிருந்துச்சுடா, எனக்குக் கண்ணு இல்லையா? பல்லு வலியையே பெத்தவகிட்டச் சொல்லாதவன் மனசு வலியை யார்கிட்டச் சொல்லுவான்? நாங்க வேற எதுக்கு உன்னைக் குருமடத்துக்கு அனுப்பினோம், நல்லாப் பாடவும் பூசை சொல்லவும் மட்டுமா? மத்தவங்க பாரத்தை வாங்கிச் சுமக்கத்தானே. தன் பாரத்தை இறக்கி வெக்கத் தெரியாதவன்கிட்ட எவன் வந்து இறக்கி வெப்பான்?

இப்ப அக்கா விஷயத்துக்கு வரேன். ஏழாம் மாசத்துல குழந்தை வயித்துலேயே போய், ஆஸ்பத்திரியிலேருந்து அவளைக் கூட்டிக்கிட்டு வந்த மறுநாள் நீ வந்தே. அவ சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தா. நீ கட்டிலோட கால்மாட்டுல நின்னே. ஜெபப் புத்தகத்தைத் திறந்தே. நல்லாத்தான் ஜெபிச்சே, குரல்ல ஒரு நடுக்கமில்லை, கடவுளோட திட்டம் நமக்குப் புரியாதுன்னு சொன்னே, அவ தலையில சிலுவை போட்டுட்டு வெளிய வந்தே. எதிர்வீட்டு நர்ஸம்மாகூட, சின்ன வயசுல என்ன பக்குவம் பாருங்கன்னு என்கிட்டச் சொன்னாங்க. அதுக்கப்புறம் நீ குளியலறைக்குள்ள போய்க் குழாயை முழுசாத் திறந்துவிட்டே. நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன், அந்தச் சின்ன ஜன்னலுக்கு நேர் கீழே. தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சுட்டே. கேட்டுச்சு கண்ணா. வாயைத் துணியால பொத்திக்கிட்டு நீ அழுததும் கேட்டுச்சு, பாப்பா பாப்பான்னு சொன்னதும் கேட்டுச்சு. வாளி நிரம்பி வழிஞ்சு தண்ணி வெளிய வந்துச்சு, நான் கையில ஈரத் துணியோட அப்படியே நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு நீ மூஞ்சியைக் கழுவிட்டு வெளிய வந்து, அதே சிரிப்போட, பஸ்ஸுக்கு நேரமாச்சும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டே.

நான் யார்கிட்டயும் சொல்லலை. உன் கடிதம் வந்த அன்னைக்கு அப்பாவும் சித்தப்பாவும் கூடத்துல நின்னு கத்திக்கிட்டு இருந்தப்போ அக்கா உள்ளேருந்து என்னைக் கூப்பிட்டா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததிலேருந்து அவ வாயைத் திறக்கறதே அபூர்வம். அந்த அதிபர் சொன்னது சரிதாம்மான்னா. அன்னைக்கு என் தம்பி வரவே இல்லை, ஒரு சாமியார்தான் வந்துட்டுப் போனார், அவனுக்கு எனக்காக என்ன வருத்தம் இருக்கப்போகுது, அவனுக்கு நாங்கல்லாம் இப்ப கோயிலுக்கு வர்ற பங்கு மக்கள்தானேன்னா. அதுக்கு மேல எனக்கு வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை, குழாய் விஷயத்தைச் சொல்லிட்டேன். நீ பாப்பா பாப்பான்னு அழுததைச் சொன்னேன். அவ எழுந்து உக்காந்துட்டா. அழுதானா, தம்பி அழுதானான்னு திரும்பத் திரும்பக் கேட்டா. ஆமாடி, வாளி வழியற வரைக்கும் அழுதான்னேன். அவ கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கி, சுவத்தைத் தடவிக்கிட்டே குளியலறைக்குப் போய், அந்தக் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் அழுதா பாரு, இத்தனை நாள் கல்லா இருந்தவ, வீடே அதிர அழுதா. கத்திக்கிட்டு இருந்த ரெண்டு பேரும் ஓடி வந்தாங்க. அன்னைக்கு அவ தட்டுல வெச்சதை மிச்சம் வெக்காம சாப்பிட்டா.

யோசிச்சுப் பாரு. நீ புத்தகத்தைத் திறந்து சொன்ன ஒரு வார்த்தையும் அவளை அசைக்கலை. நீ ஒளிச்சு வெச்சியே அது அசைச்சுது, அதுவும் நேர்ல இல்லை, நான் போய்ச் சொல்லி. ஜெபம் வேண்டாம்னு நான் சொல்லுவேனா, நான் இல்லாம நீ ஜெபம் கத்துக்கிட்டியா? அன்னைக்கு அந்தப் புத்தகத்துக்குப் பின்னால நீ ஒளிஞ்சு நின்னுட்டே, அதைத்தான் சொல்றேன். சாமியார்னா கலங்கக் கூடாதுன்னு உனக்கு யார் சொல்லிக் குடுத்தாங்களோ தெரியலை, நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்லை, உங்க அப்பா சினிமா பாத்தாலே மூக்கைச் சிந்துவார்.

அதனால நான் சொல்றதைக் கேளு. மூட்டையைக் கட்டிக்கிட்டு அந்த இல்லத்துக்குப் போ. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போகாதே, தண்டனைன்னு நினைச்சுக்கிட்டும் போகாதே. போறதுக்கு முன்னால உங்க ஆன்ம குருவை, அந்த இருமல் சாமியாரை, ஒரு தடவை போய்ப் பாரு. ஜெபம் ஒழுங்கா நடக்குது ஃபாதர்னு ஆரம்பிச்சே, எனக்குக் கெட்ட கோபம் வரும். முதல்ல பல்லு வலிக்குதுன்னு சொல்லு. அது வாயிலேருந்து வந்துட்டா மத்தது தானா வரும். அப்புறம் குழாயைப் பத்திச் சொல்லு. கடவுள்மேல கோபம் இருந்தா அதையும் சொல்லு, எனக்கும் இருக்கு, நான் கோயில்லயே உக்காந்து சொல்லிட்டுத்தான் வந்தேன், இடி ஒண்ணும் விழலை. எல்லாத்தையும் பேசின பிறகு இந்த வழி எனக்கில்லைன்னு உனக்குத் தோணினா வீட்டுக்கு வந்துடு, உன் கட்டில் போட்ட இடத்துலேயே கிடக்கு, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, பேசினா என்கிட்ட வாங்கிக் கட்டிப்பாங்க. இதுதான் என் வழின்னு தெரிஞ்சா ஒரு வருஷம் என்ன, ரெண்டு வருஷம் ஆனாலும் இரு. ஆனா சித்தப்பா அடிச்ச அட்டைக்காகவும் எங்க பெருமைக்காகவும் ஒரு நாள்கூட இருக்காதே. உனக்குன்னு வெட்டி வெச்ச அங்கித் துணி அலமாரியில மடிச்சபடியே இருக்கு. ஆள் பிடிச்சு வாங்கற பட்டத்துக்கு நான் ஒரு தையல்கூடப் போட மாட்டேன். அந்த இருமல் சாமியார் உன்னை முழுசாப் பாத்த பிறகு, அதிபர் மனசார உன் பேரைச் சொல்லட்டும், அன்னைக்கு ராவும் பகலும் உக்காந்து தைச்சுத் தரேன். பொத்தானுக்குக் காஜா எடுக்கறது என் வேலைன்னு அக்கா இப்பவே சொல்லிட்டா.

மத்தபடி அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அத்தான் வேன் ஓட்டிட்டு சனிக்கிழமை தவறாம வந்து அக்காவைப் பாத்துட்டுப் போறார், அவளைத் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போக அவசரப்படுத்தலை, நல்ல புள்ள. அந்த இல்லத்துல குளிர் அதிகம்னு கேள்விப்பட்டேன், கம்பளிச் சட்டை ஒண்ணு தனியா அனுப்பறேன், நல்லா இல்லைன்னு மத்தவங்களுக்குத் தூக்கிக் குடுத்துடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் கைவிட மாட்டார், மாதா உன் பக்கத்துலேயே இருப்பாங்க. உன் நெத்தியில நான் சிலுவை போட்டதா நினைச்சுக்கோ.

ஒண்ணு மட்டும் மறக்காதே. இல்லத்துக்குப் போயே ஆகணும்னா வழியில ஒரு நாள் வீட்டுல இறங்கிட்டுப் போறேன்னு எழுதியிருக்கே. ஜெபப் புத்தகத்தைப் பைக்குள்ளேயே வெச்சுக்கணும்னு அக்கா சொல்லச் சொன்னா. கால்மாட்டுல நிக்க வேண்டாமாம், தலைமாட்டுல உனக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்கா. அப்பாகிட்டச் சொல்லிக் குளியலறைக் குழாயைக் கழட்டி வெச்சுட்டேன், குளிக்க வாளியில தண்ணி மொண்டு வெக்கறேன். அழறதா இருந்தா கூடத்துல எங்க எல்லார் முன்னாலயும் உக்காந்து அழு.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அம்மா