இயந்திரக் கொட்டுக்கு வந்த அருள்

பாடாங் செராய்
14.3.1989

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். இங்கே நானும் அவரும் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

ஞாயிறு மதியம், எங்களிடம் தங்கிச் சாப்பிடும் இருளப்பனும் அழகேசனும் புது டிஸ்கோ கேசட்டுக்காகச் சண்டை பிடித்தார்கள். அதில் பாட்டே இல்லை, இயந்திரக் கொட்டுதான்.

"மண்டையில ஆணி அடிக்குதுலா!" என்றான் இருளப்பன்.

"இந்த வேகம் வேற எதுல இருக்கு, அண்ணே?"

அதற்குள் எனக்கு அருள் வந்துவிட்டதாம். மூன்று வருடமாகக் கோயில் உறுமிக்கு வராத அருள்! கேசட்டை நிறுத்தியும் என் ஆட்டம் நிற்கவில்லையாம். அவர் கற்பூரம் ஏற்றி, "யாரு தாயே வந்திருக்கீங்க?" என்று கேட்டாராம். என் வாய் பெயர் சொல்லாமல் அந்தக் கேசட் தாளத்தையே கொட்டியதாம்.

"பாத்தியாண்ணே, இதுல சக்தி இருக்கு!" என்கிறான் அழகேசன்.

"அதாண்டா பயமா இருக்கு."

நீங்கள் பயப்படாதீர்கள். நம் கோயில் விபூதி கொஞ்சம் அனுப்புங்கள். வந்தது யாரென்று பூசாரியிடம் கேட்டு எழுதுங்கள். வந்தது சாமிதானா என்று தெரியாமல் சாமி விளக்கைத் தொட எனக்கு மனமில்லை; அதுவரை அவரையே ஏற்றச் சொல்லியிருக்கிறேன். உலை கொதிக்கிறது, நிறுத்துகிறேன்.

மகள்,
பிரேமாவதி