சமையல் மேடைக் கல்லும் உன் காதும்

மச்சான்,

வாசலில் கல் அறுக்கிறார்கள். பாத்திரம் கழுவும் தொட்டி உட்காருவதற்காகச் சமையல் மேடைக் கல்லில் சதுரமாக ஓட்டை போட வேண்டும். மேஸ்திரி ஒரு கையால் மிஷினை ஓட்டி, மறு கையால் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நனைந்த கல்மாவின் வாசனை தெருக்கோடி வரை அடிக்கிறது. சூடான இரும்பும் ஈர மண்ணும் கலந்த வாசனை. நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மிஷினுக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, தூசி ஒத்துக்காது, உள்ள வாங்க" என்று மருமகள் கௌதமி கூப்பிட்டாள்.

"தூசி என்னை இன்னாம்மா பண்ணும்? நான் தின்ன தூசியில ஒரு மலையே கட்டலாம்" என்றேன். கட்டித்தானே வைத்திருக்கிறோம், சுரங்கத்துக் கல்லை அரைத்துக் கொட்டிய மாவு மலை அதோ தெரிகிறது.

நீ போய் மூன்று வருஷமாகிறது. இந்த வாசனை வந்ததும் நீ என் இடது பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் ஒரு மைல் ஆழத்தில், நீயும் நானும் ஒரே ட்ரில் மிஷினைப் பிடித்துக்கொண்டு பாறையைத் துளைத்தபோது அடித்த அதே வாசனை. பேரப்பிள்ளைகளிடம் அதை மூன்று மைல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்? சுரங்கத்தை மூடிவிட்டார்கள், இப்போது அங்கே தண்ணீர்தான் நிற்கிறது.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான இந்தப் பாலகாட் லைனில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். உங்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டில் சோறு இறங்கும். எங்கள் சமையலறையில் நாம் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்ட கடப்பாக் கல் உனக்கு நினைவிருக்கும். எலுமிச்சையும் புளியும் பட்டுப் பட்டு அது வெளுத்துப் போனது, ஒரு மூலை உடைந்தது, கடைசியில் அடுப்பே ஆட ஆரம்பித்தது. கௌதமி விடிகாலை நாலரைக்கு எழுந்து சமைத்துவிட்டு, வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள். போன மாதம் ஒருநாள் அடுப்பு சரிந்து, கொதித்த பால் அவள் கால்மேல் கொட்டிவிட்டது. ஒரு வாரம் செருப்புப் போட முடியாமல், வெறுங்காலோடு வீட்டிலேயே இருந்தாள். கல்லை மாற்றியே தீருவது என்று அன்றைக்கு முடிவானது.

முடிவானது சரி, எந்தக் கல் என்பதில்தான் வீடு இரண்டாகப் போனது.

என் மகன் ஃபோனை நீட்டினான். "குவார்ட்ஸ் போடலாம்ப்பா. பெங்களூர்ல இப்ப எல்லா வூட்லயும் அதான்."

"குவார்ட்ஸா! எனக்கே குவார்ட்ஸ் சொல்றியா? தங்கம் ஒளிஞ்சிக்கினு இருந்ததே அந்த வெள்ளைக் கல்லுக்குள்ளதான்டா. போடு, மேடை ஃபுல்லா போடு!" என்று நான் குதித்துவிட்டேன். அப்புறம்தான் அவன் படித்துக் காட்டினான். கல்லை அரைத்து மாவாக்கி, பசை போட்டுப் பிசைந்து, அழுத்திப் பலகையாக்கி விற்கிறார்களாம். எனக்கு வந்ததே கோபம். "கல்லை மாவாக்கி மலை மலையா கொட்டிட்டு வந்தவன்டா நானு. அந்த மாவை ஒட்ட வச்சி எனக்கே கல்லுன்னு விக்கறியா?"

கௌதமி தன் பங்குக்கு ஒன்று கேட்டாள். "சூடு தாங்குமா? நான் குக்கரை எறக்குனா அப்படியே கல்லு மேல வைக்கறவ. அடில துணி தேடிக்கினு நின்னா ரயிலு போயிடும்." பசை இருப்பதால் தழும்பு விழலாம் என்று ஃபோனிலேயே போட்டிருந்தது. குவார்ட்ஸ் அத்தோடு போயிற்று.

ஓட்டல்களில் இருக்கிற மாதிரி ஸ்டீல் தகடு போடலாம் என்றான் மகன். ஒரு கரண்டி விழுந்தால் விடிகாலையில் தெருவே எழுந்து உட்காரும் என்றாள். டைல்ஸ் என்றான். இடுக்கில் மாவு போய் உட்காரும், அதைச் சுரண்ட நீ வருவாயா என்றாள். கடைசியில் கிரானைட் என்று நின்றது. அப்போது அவள் சொன்னதுதான் எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

"மாமா தட்டிப் பாத்துச் சொல்ற கல்லுதான் நம்ம வூட்டுக்கு. ஆறு பேர் உசுரைக் காப்பாத்துன காது."

உனக்குத் தெரியாததா. பாறையை வெடி வைத்துத் தகர்த்த பிறகு, உள்ளே போகிற முதல் ஆள் இரும்புக் கடப்பாரையால் தலைக்கு மேலே இருக்கிற கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் மணி மாதிரி கணீர் என்னும். உள்ளே விரிசல் விட்டுப்போன கல், காலி டின்னைத் தட்டினது மாதிரி டொப்பென்னும். அது எப்போது வேண்டுமானாலும் தலையில் இறங்கும். அப்படி ஒரு ஷிஃப்டில் நான் தட்டினேன், நான் கேட்டேன், "வெளிய ஓடுங்கடா" என்று நான் கத்தினேன், ஆறு பேர் வெளியே வந்ததும் பின்னாலேயே கூரை இறங்கியது. இந்தக் கதையை டீக்கடையிலும், கல்யாணப் பந்தியிலும், சாவு வீட்டிலும்கூட முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். கௌதமி இந்த வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள்.

கடப்பாரை உன் கையில் இருந்தது மச்சான். காதும் உன்னுடையது. என் வலது காதை ட்ரில் மிஷின் எப்போதோ தின்றுவிட்டது, இடது காதில் ஆள் பேசினால் கேட்கும், கல் பேசினால் கேட்காது. வீட்டில் யாருக்கும் இதை நான் சொன்னதில்லை. நீயாகக் கண்டுபிடித்து, அதற்கப்புறம் எப்போதும் என் இடது பக்கத்திலேயே நின்று பேசினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டை ரோட்டில் இருக்கிற கல் கடைக்கு அவளும் நானும் போனோம். ஆள் உயரக் கற்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நின்றன. கறுப்பு, சாம்பல், சிவப்பு, மயில் கழுத்து நிறம். நான் உள்ளே நுழைந்ததுமே ஒரு கடப்பாரை கேட்டேன்.

கடைக்காரர் ஆந்திரா பக்கத்து ஆள். "கடப்பாரை எந்துக்கு பெரியவரே? கல்லு வாங்க வந்தாரா, ஒடைக்க வந்தாரா?"

"மைனிங்ல முப்பது வருஷம். கல்லை நான் கீழ இருந்து பாத்துத்தான் பழக்கம். ரெண்டு ஸ்டாண்டு போட்டு அதும்மேல படுக்க வையுங்க" என்றேன்.

அவர் சிரித்தாலும் ஆட்களை விட்டு ஒவ்வொரு கல்லாகப் படுக்க வைத்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். சமையல் மேடைக் கல்லை யாராவது மல்லாந்து படுத்துக்கொண்டு பார்ப்பார்களா? ஆனால் எனக்குக் கல் என்றால் தலைக்கு மேலேதான் இருக்க வேண்டும். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அதை நிறுத்திவிட்டு வந்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்தும் வந்தார்கள். ஒரு பஸ்ஸே நின்றது என்று நினைக்கிறேன்.

தட்டினேன். கண்ணை மூடி, தலையை ஆட்டி, நீ செய்கிற மாதிரியே உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தம். எழுந்து வந்து, இருப்பதிலேயே முகம் பார்க்கிற மாதிரி பளபளத்த கறுப்புக் கல்லைக் காட்டி, "இதான். இதை அடிச்சிக்க கல்லே இல்ல" என்றேன்.

கௌதமி மெதுவாக, "மாமா, அந்த மூலையில இன்னொரு வாட்டி தட்டுங்களேன்" என்றாள்.

தட்டினேன்.

"டொப்புங்குதே மாமா. நீங்க சொல்வீங்களே, காலி டின்னு மாதிரின்னு. உங்களுக்கு இன்னா கேக்குது?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். 'உன்னைச் சோதிச்சேன்மா' என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் கைதட்டே வாங்கியிருப்பேன். ஆனால் அடுத்த கல்லைத் தட்டும்போது என்ன செய்வேன்? அதற்கடுத்த கல்லுக்கு? நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அந்தக் கல் ஒருநாள் குக்கரோடு அவள் காலில் இறங்கவா? பால் கொட்டிய புண்ணே இன்னும் சரியாக ஆறக்கூட இல்லை.

அப்போது அந்த ஷிஃப்ட் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் சொல்கிற ஷிஃப்ட் இல்லை, நடந்த ஷிஃப்ட். நீ தட்டிக்கொண்டிருந்தாய். நான் பின்னால் நின்று, என் மாமனார் வீட்டு விருந்தில் பதினாலு முட்டை தின்ற கதையைச் சொல்லி ஐந்து பேரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பாமலே, "ஏய், வாயை மூடு. கேக்கணும்" என்றாய். மூடினேன். நீ இன்னொரு முறை தட்டினாய். "போலாம் வாங்க" என்றாய், டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி. போனோம். பின்னாலேயே இறங்கியது.

மேலே வந்ததும் நீ குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாய். என்ன நடந்தது என்று கேட்டு வந்த கூட்டம் முழுவதும் என்னிடம் வந்தது. முதல் தடவை நடந்ததை நடந்தபடியேதான் சொன்னேன், சத்தியமாக. மூன்றாவது தடவையில் கடப்பாரை என் கைக்கு வந்துவிட்டது. அன்று நீயும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்த்ததும் கதையைப் பாதியில் நிறுத்தினேன். நீ, "அப்பறம் இன்னா ஆச்சி, சொல்லு" என்றாய்.

கடையில் அத்தனை பேருக்கு முன்னால் கடப்பாரையைக் கீழே வைத்தேன். "எனக்குக் கேக்கலம்மா" என்றேன். "என்னிக்குமே கேட்டதில்ல. அந்தக் காது என்னுது இல்ல. பக்கத்து வூட்டு மச்சானுது."

தலைமேல் கூரையே இறங்கப்போகிறது என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"தெரியும் மாமா."

"இன்னா தெரியும்?"

"எல்லாந்தான். கல்யாணம் ஆன மறு மாசமே பக்கத்து வூட்டு அத்தை சொல்லிட்டாங்க. லைன் ஃபுல்லா தெரியும்."

"அப்பறம் ஏன்மா நாப்பது தடவை கேட்ட?"

"நீங்க சொல்றப்போ ஒவ்வொரு தடவையும் கல்லு வேற மாதிரி வுழுது மாமா. எனக்குப் புடிக்கும்" என்றவள், கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். "கேட்டுக் கேட்டு சத்தம் மட்டும் மனசுல நின்னுடுச்சி."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நா கல்லுல, எங் கல்லுல விரிசலா?" என்று வாளித் தண்ணீரைக் கறுப்புக் கல்மேல் ஊற்றித் துடைத்தார். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும், அந்த மூலையில் தலைமுடி மாதிரி ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றது. தொட்டிக்கு ஓட்டை போடும்போதே அது இரண்டாகப் போயிருக்கும். அவர் கௌதமியை ஒருமுறை பார்த்துவிட்டு, "அம்மா, நம்மகிட்ட வேலைக்கி வர்றாரா?" என்றார். அவள் ஒன்பது கல்லைத் தட்டி, வெள்ளைப் பொட்டு வைத்த சாம்பல் நிறக் கல் ஒன்றை எடுத்தாள். பளபளப்பு கொஞ்சம் குறைச்சல்தான். "கணீர்ங்குது மாமா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தே நம்பினேன்.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, உம் புருஷன் கதையை நான் முப்பது வருஷமா என் கதைன்னு வித்திருக்கேன். ஒரு வார்த்தை கேக்கலியே அவன்? மனசுல வருத்தம் கிருத்தம் இருந்துச்சா?"

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நானும் கேட்டேண்ணா. 'உங்க பேரை அவுரு எடுத்துக்கினாரே, சும்மா கீறீங்களே'ன்னு. அதுக்கு அவுரு, 'நான் சொன்னா ரெண்டு வார்த்தையில முடிஞ்சிடும். அவன் சொன்னாத்தான் புள்ளைங்க உக்காந்து கேக்குது. கல்லைத் தட்டிப் பாக்கணும்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா போதாதா'ன்னாரு."

தங்கச்சி கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "காப்பி போடட்டாண்ணா?" என்றாள். குடித்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து கதையைத் திருத்தித்தான் சொல்கிறேன். கடப்பாரை உன் கைக்கு வந்துவிட்டது, காது உன்னுடையது, நீ திரும்பாமல் சொன்ன நாலு வார்த்தையும் அப்படியே இருக்கிறது. டீக்கடையில் சொன்னபோது நீ காப்பாற்றியது ஆறு பேர். இன்று மேஸ்திரிக்குச் சொன்னபோது பதினாறாகிவிட்டது. மன்னித்துக்கொள், ஆளைச் சரி செய்துவிட்டேன், தலை எண்ணிக்கை மட்டும் இன்னும் என் கைக்கு அடங்கவில்லை.

எனக்கும் அதில் ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிஷம், பதினாலு முட்டைக் கதையைப் பாதியில் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். அதை லேசாக நினைத்துவிடாதே மச்சான். இந்தத் தங்கவயல் முழுக்க விசாரித்துப் பார், அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, என் வாயை மூட வைத்த ஆள் வேறு ஒருவன் கிடையாது.