மேல் தந்தி

தோர்ன்ஹோப், நார்தம்பர்லாந்து
12 மார்ச் 1887

அன்புத் தம்பி ரால்ஃபுக்கு,

அக்கா ஹன்னா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். கனடாக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். கம்பளிக் காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன். பெட்டியில் பூட்டி வைக்காமல் காலில் போட்டுக்கொள்.

பெரிய செய்தி ஒன்று. பழைய மெட்டுகளைச் சேகரிக்கும் ஒரு கனவான், போன வாரம் நோட்டும் மைக்கூடுமாக நம் வீட்டுக்கே வந்துவிட்டார். என் கல்யாணத்தில் ஜிக் நடனம் ஆட நீ கட்டினாயே, அந்த மெட்டின் சரித்திரம் வேண்டுமாம்! மூன்று ஊர்க்காரர்கள் அது தங்கள் முப்பாட்டன் காலத்து மெட்டு என்று அவரிடம் சத்தியம் செய்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் கல்யாணத்தில் எந்த முப்பாட்டனையும் நான் பார்க்கவில்லையே.

ஆனால் உன் அத்தான் என்ன சொல்வாரோ என்று பக்கென்றது. அன்று ஆட்டத்தின் நடுவில் உன் பிடிலின் மேல் தந்தி அறுந்து, பின்பாதியை நீ கீழ் ஸ்தாயியில் வாசித்துச் சமாளித்தாய். அதன்பின் அவரும் தன் பிடிலில் அந்தக் கீழ் வழியையே பிடித்துக்கொண்டார். "தப்பு அத்தான், மேலதான் போகணும்" என்பாய் நீ. "ஆடுறவன் காலைக் கேட்டுப் பாருடா" என்பார் அவர். இருபது வருஷம் இதே வழக்கு. கடைசியில் அறுவடை விருந்தில் ஊரறியக் கத்திவிட்டு நீ கப்பலேறினாய். ஆறு வருஷமாக அவர் உன் பெயரைச் சொன்னதில்லை.

கனவான் கேட்டதும் மனுஷன் பியரைக் கீழே வைத்தார். "கட்டினது என் மச்சினன் ரால்ஃப். பின்பாதி மேலதான் போகும். கீழ போறது அறுந்த தந்தி செஞ்ச வேலை. ரெண்டையும் எழுதிக்குங்க" என்றார். பிறகு முதல் தடவையாக உன் வழியில் வாசித்தும் காட்டினார். நம் நாய் எழுந்து வெளியே போய்விட்டது. "இது எனக்கு எப்பவும் வந்ததில்ல ஹன்னா. அவனுக்குத்தான் வரும்" என்றார். நான் அழுதுவிட்டேன்.

ஆட்டு ரோமம் கத்தரித்து முடிந்ததும் நம் இசபெலுக்குக் கல்யாணம். மாமா பிடில் இல்லாமல் ஆட மாட்டேன் என்று மகள் அடம் பிடிக்கிறாள்.

கடிதத்தை ஒட்டப்போகும்போது அத்தான் வந்து புதுத் தந்தி ஒன்றைச் சுருட்டி உள்ளே வைத்தார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "மேல் தந்தின்னு எழுது, போதும்" என்றார்.

எழுதிவிட்டேன். கடல் உன்னை அலைக்கழிக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்தத் தந்தியை இங்கே வந்து உன் பிடிலில் பூட்டு தம்பி.

உன் அக்கா,
ஹன்னா