செவுளைத் தூக்கிப் பார்

புனே, வெள்ளிக்கிழமை

நைனாவுக்குப் பூவிழி வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கோபம்தான் தலைக்கேறிக் கிடக்கிறது, வேலைக்கு ஆபத்தில்லை.

எங்கள் டீம் லீடர் ஹரிஹரன், நம் பொன்னேரிக்காரர்தான், ஏதோ ஒரு தளத்திலிருந்து மென்பொருள் கோப்பை இறக்கினார். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அதன் ஹாஷ் எண் மாறிவிடும், கைரேகை மாதிரி. அந்த எண்ணையும் அதே தளத்தில் எடுத்து ஒப்பிட்டுவிட்டு, "சரியா கீது, போடு" என்றார். கோப்பை மாற்றியவன் எண்ணை மட்டும் விட்டுவைப்பானா? அந்த மென்பொருளை உருவாக்கியவர்களின் தளத்தில் தேடினேன், அங்கே எண் வேறு. சொன்னால் எல்லோர் முன்னாலும் சிரிக்கிறார்: "மீன்காரப் பொண்ணு, எதுக்கெடுத்தாலும் சந்தேகம்!"

"ஆமா சார், விக்கிறவன் சொன்னான்னு வாங்க மாட்டோம். மீன் செவுளைத் தூக்கி, செவப்பா இருக்கான்னு பாப்போம்" என்றேன். கோப்பைப் போடவே இல்லை.

யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, கடலுக்குப் போகுமுன் காற்று பார்க்கிற ஆப்பை நீயும் போனில் போட்டிருக்கிறாயாம், தம்பி சொன்னான். "தெரிஞ்சவன்தானே, இன்னா ஆவும்" என்று சொல்லாதே, உடனே எடுத்துவிடு. கொஞ்சம் காய்ந்த இறால் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்க அறையில்தான் இருப்பேன்.

பஸ் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தையும் அப்படியே நம்பிவிடாதே நைனா. எழுதியது நான்தானா என்று போன் பண்ணிக் கேள்.

பூவிழி