பந்தை விட்டுட்டு உன்னையே பாத்தவ எழுதுறது

அன்பான பெரியவனுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க அப்பா, தங்கச்சி, நான் மூணு பேரும் நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு கேக்கப் போறதில்ல, கேட்டா நல்லா இருக்கேன்மான்னுதான் சொல்லுவே, அதுக்கு ஒரு கடுதாசி தண்டம். போன் இருக்கறப்ப இது எதுக்குன்னு நினைப்பே. போன்ல நான் ஒண்ணு கேக்க ஆரம்பிச்சா உடனே உனக்குப் பிராக்டீஸுக்கு நேரமாயிடுது, இல்லன்னா சிக்னல் போயிடுது. கடுதாசியில அந்த வசதி கிடையாது. கைகால் கழுவிட்டு, ஒரு டீ போட்டுக்கிட்டு, உக்காந்து கடைசி வரைக்கும் படி.

முதல்ல வீட்டு விஷயம். அப்பா வேலை பாக்குற பேக்கரியில புது ஓவன் வந்திருக்கு. ரொட்டி எல்லாம் ஒரே நிறத்துல வருது, ஒண்ணுகூடக் கருகல, அதுல அவருக்கு ஒரே வருத்தம், அப்புறம் நான் எதுக்கு அங்க நிக்கறேன்னு கேக்கறாரு. ரொட்டி வாங்க வர்றவங்க எல்லாம் பையன் எத்தனை கோல் போட்டான்னு கேக்கறாங்களாம். அவன் கோல் போடற ஆள் இல்ல, போடவிடாம தடுக்கற ஆளுன்னு சொல்லிச் சொல்லி மனுஷன் அலுத்துப்போயி, இப்ப யாராவது கேட்டா நேத்து ரெண்டுன்னு சொல்லிடறாரு. தடுத்ததும் ரெண்டுதானே, அதுல என்ன பொய்ன்னு எங்கிட்டயே வாதம் பண்றாரு. விளைவு என்னன்னா, ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர் என் பஸ்ல ஏறி, உங்க பையன் இந்த வருஷம் இருபத்தெட்டு கோலாமேன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல. எல்லாம் உங்க ஆசீர்வாதம்னு சொல்லிட்டு கியரைப் போட்டுக் கிளம்பிட்டேன்.

தங்கச்சிக்கு அச்சாபீஸ்ல வேலை கிடைச்சது உனக்குத் தெரியும். முதல் வேலையா ஒரு பல் டாக்டருக்கு நோட்டீஸ் போட்டுக் குடுத்திருக்கா. சிரிக்கற பொம்பளை படம். ஆயிரம் காப்பி அடிச்சு முடிச்சப்புறம் பாத்தா அந்தப் பொம்பளைக்கு முன்பல் ஒண்ணைக் காணோம், எதையோ அழிக்கறப்ப அதுவும் சேந்து போயிடுச்சாம். இவ அழுதுக்கிட்டே கொண்டுபோய்க் குடுத்திருக்கா. டாக்டர் ரொம்ப நேரம் பாத்துட்டு, பல்லு எல்லாம் இருக்கறவ எங்கிட்ட எதுக்கு வரப்போறா, இதுதான் சரின்னு சொல்லி வாங்கி வெச்சுக்கிட்டாராம். இப்ப இன்னொரு பல் டாக்டர் அதே மாதிரி வேணும்னு வந்து நிக்கறாராம்.

மேட்ச் பாக்கறதுல அப்பாவுக்கும் எனக்கும் இருக்கற சண்டை இன்னும் ஓயல. அவரு பந்தைப் பாக்கறாரு, நான் உன்னைப் பாக்கறேன். பந்து எங்க போனா எனக்கென்ன, அதை நானா பெத்தேன். ஆனா டிவிக்காரன் பந்து பின்னாடியேதான் ஓடறான். உங்க ஆளுங்க நல்லா ஆடி அந்தப் பக்கமே வெச்சுக்கிட்டா, பத்து நிமிஷம் ஆனாலும் உன் தலைமுடியைக்கூடக் காட்டறதில்ல. எதிராளி பந்தை எடுத்துக்கிட்டு நம்ம பக்கம் வந்தாத்தான் நீ கண்ணுல படறே. அதனால அவனுங்க ஓடி வர்றப்ப வா வான்னு என்னையறியாம வாயில வந்துடுது. நீ எந்தக் கட்சிடின்னு அப்பா தலையில அடிச்சுக்கறாரு. போன வாரம் அந்தக் குறையும் தீந்துச்சு. அப்பா பாக்கட்டும்னு உங்க கிளப்புல எடுத்த வீடியோ அனுப்பியிருந்தியே, உசரத்துல கேமராவை நிறுத்தி மைதானம் முழுசையும் எடுத்தது, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு அதைப் போட்டோம். அப்பா பத்தாவது நிமிஷத்துல கொறட்டை விட ஆரம்பிச்சுட்டாரு. தங்கச்சி நீ நிக்கற இடத்தை மட்டும் பெருசாக்கிக் குடுத்தா. தொண்ணூறு நிமிஷமும் உன்னையே பாத்தேன் கண்ணு. சாக்ஸை பதினோரு வாட்டி இழுத்துவிட்டே. பத்துப் பேரைப் பாத்து நீ கத்தறதும், கை காட்டறதும், ஒருத்தனைப் பின்னாடி இழுத்து நிறுத்தறதும், அம்மாவுக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. வீட்டுல பத்து வருஷமா ஒரு துண்டை மடிச்சு வெக்காதவன் அங்க இவ்வளவு பேரை ஒழுங்குபண்றானேன்னு சிரிப்பும் வந்துச்சு.

ஆனா அதுல இன்னொண்ணையும் பாத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. ஆறு வாரம் முன்னாடி ஒரு கார்னர் கிக்குக்கு எம்பினப்ப நீயும் எதிர் டீம் ஆளும் தலையோட தலை மோதிக்கிட்டீங்களே, இடது புருவத்துக்கு மேல நாலு தையல் போட்டாங்களே, அதுக்கப்புறம் நீ இடது பக்கம் பாக்கற விதமே மாறிப்போச்சு. முன்னாடி கழுத்து லேசாத் திரும்பும், மிச்சத்தைக் கண்ணே பாத்துக்கும். இப்ப தோளோட சேத்து மொத்தமாத் திரும்பறே. அந்தப் பக்கம் ஆள் நிக்கறானான்னு கையை நீட்டித் தொட்டுப் பாத்துக்கறே. எனக்கே சந்தேகமா இருந்துச்சு, அதனால நீ அதோட சேத்து அனுப்பியிருந்த, மோதறதுக்கு முந்தின மேட்சையும் போடச் சொல்லி ரெண்டையும் பாத்தேன். சந்தேகமே இல்ல. அன்னிக்கு வீடியோ கால்ல தங்கச்சி அந்தப் பல்லு நோட்டீஸை அச்சடிக்கறதுக்கு முன்னாடி காட்டினப்ப நீ ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் படிச்சே, வெளிச்சம் கூசுதுன்னே. உங்க கோச்சுக்குத் தெரியல, டிவியில பேசறவங்களுக்குத் தெரியல, ஏன்னா அவங்க எல்லாரும் பந்தைப் பாக்கறாங்க. எனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளு. நானும் அதையேதான் பண்றேன்.

ஆமா, உங்கிட்ட மறைச்ச விஷயம் இது. உங்க அப்பாகிட்டயும்தான். ஒன்றரை வருஷமா எனக்கு இடது கண்ணுல ஒரே பனிமூட்டம். வருஷா வருஷம் டிப்போவுல டிரைவருங்களுக்குக் கண் டெஸ்ட் உண்டு, சுவத்துல எழுத்து அட்டை மாட்டி ஒவ்வொரு கண்ணா மூடிப் படிக்கச் சொல்லுவாங்க. இருபத்தாறு வருஷமா அதே அட்டை. டெஸ்டுக்கு முன்னாடி வலது கண்ணால ஒரு வாட்டி பாத்து உருப்போட்டுட்டேன். வலதை மூடிக்கிட்டு ஒப்பிச்சேன், பாஸ் போட்டுட்டாங்க. அப்புறம் எப்படி ஓட்டினேன்னா, எங்க கண்டக்டர் தம்பிதான். நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல, ஆனா ஒவ்வொரு திருப்பத்துலயும் இடது பக்கம் ஆள் வருதுக்கா, இடது பக்கம் காலிக்கான்னு சொல்லிக்கிட்டே வருவான். அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கிட்டதே இல்ல.

போன மாசம் ஆஸ்பத்திரி ஸ்டாப்ல இடது பக்கம் திரும்பறப்ப அவன் பின்னாடி டிக்கெட் குடுத்துக்கிட்டிருந்தான். ஒரு பொண்ணு, உன் தங்கச்சி வயசுதான் இருக்கும், சைக்கிள்ல வந்தவ. நான் பாக்கவே இல்ல. யாரோ கத்தினதுல பிரேக் போட்டேன். பஸ்ஸு இடிக்கல, பயந்துபோயி அவளாச் சாஞ்சு விழுந்தா, முழங்கையில தோல் உரிஞ்சு ரத்தம். நான் என்ன பண்ணினேன் தெரியுமா. இறங்கிப்போய், நாப்பது பேர் பாக்க, அந்தப் பொண்ணைத் திட்டினேன். கண்ணு தெரியலையான்னு கேட்டேன், நான் கேட்டேன் அதை. அவ சாரி ஆன்ட்டின்னு சொல்லிட்டு சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போயிட்டா. வண்டியில ஏறினா ஜனங்க எல்லாம் என் பக்கம் பேசறாங்க, இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்னு. நானும் ஆமான்னு தலையாட்டினேன். ரெண்டு நாள்ல அவதான் தப்புன்னு நானே நம்பிட்டேன்.

நம்பிக்கிட்டு நிம்மதியாத்தான் இருந்தேன், அந்த வீடியோ பாக்கற வரைக்கும். ரெண்டாவது பாதியில உங்க மேல ஒரு கோல் விழுந்துச்சே. பந்து இடது பக்கம் இருந்து உசரமா வந்துச்சு, நீ லேட்டா எம்பினே, உன் தலைக்கு மேல போயிடுச்சு. உடனே நீ திரும்பி ரெண்டு கையையும் விரிச்சு கோல்கீப்பர் பையனைப் பாத்துக் கத்தினே. உன்னோட ஒரே வீட்டுல இருக்கானே, நீ சொல்லிக்குடுத்து போன்ல என்னை அம்மா சாப்பிட்டீங்களான்னு கேப்பானே, அவனை. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். டிவிக்காரங்களும் அவன்தான் வெளிய வந்திருக்கணும்னு சொன்னாங்களாம். அடுத்த மேட்சுல அவனை வெளிய உக்கார வெச்சுட்டாங்கன்னு அப்பா படிச்சுச் சொன்னாரு. நீ கையை விரிச்ச இடத்துல நிறுத்துடின்னு தங்கச்சிகிட்ட சொன்னேன். அந்த முகம் எனக்கு நல்லாத் தெரியும்பா. அது ஆஸ்பத்திரி ஸ்டாப்ல நின்ன என் முகம்.

மறுநாள் காலையில டியூட்டி சாவி வாங்காம நேரா மேனேஜர் ரூமுக்குப் போயிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன், கண்டக்டர் தம்பி பேரை மட்டும் இழுக்கல. மேனேஜருக்குக் கோவம், நியாயமான கோவம், கையோட டாக்டர்கிட்ட அனுப்பிட்டாரு. டிப்போ டாக்டர் நம்பவே இல்ல, அட்டையை ஒரு மனுஷி எப்படி உருப்போட முடியும்னாரு. நான் சுவத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்து மேல இருந்து கீழ வரைக்கும் ஒப்பிச்சேன், கடைசி வரிசையில அவருக்கே தெரியாத பொடி எழுத்து உள்பட. மனுஷன் சிரிக்கவும் முடியாம திட்டவும் முடியாம பேனாவை மூடி மூடித் திறந்தாரு. புரை விழுந்திருக்காம். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன், கால் மணி நேர வேலைங்கறாங்க. தேறினதும் புது அட்டையில டெஸ்ட் வெச்சுத்தான் ஸ்டியரிங் குடுப்பாங்களாம், நடுவுல, மறைச்சதுக்காக ஒரு விசாரணையும் இருக்கு. அது வரைக்கும் விசாரணை ஜன்னல்ல உக்கார வெச்சிருக்காங்க, எந்த பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற வேலை. டிரைவருங்க எல்லாம் வரிசையா வந்து, இந்த பஸ் எங்க போகும்கான்னு என்னைக் கேட்டுட்டுப் போறானுங்க. நானும் உங்க மாமியார் வீட்டுக்குன்னு சொல்லி அனுப்பறேன். அப்பாதான் ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் பேக்கரியில இருந்து எனக்குப் பிடிச்ச பன்னைக் கொண்டாந்து வெச்சுட்டு, இடது பக்கம் வெச்சிருக்கேன், தெரியுதான்னாரு. அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சு.

இப்ப உன் விஷயம். மாசக் கடைசியில உன் ஒப்பந்தம் முடியுது, புதுப்பிப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியல, உன் இடத்துக்குன்னு ஒட்டகச்சிவிங்கி மாதிரி உசரமா புதுசா ஒரு ஆளைக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க, இந்த நேரத்துல கண்ணுல கோளாறுன்னு வாயைத் திறந்தா அவ்வளவுதான்னு பயப்படறே. தெரியுதுடா எனக்கு. பஸ் ஓட்டலன்னா நான் யாருன்னு நானும் ஒன்றரை வருஷம் பயந்தேன். தப்பான பயம்னு சொல்ல மாட்டேன், நிஜமாவே ஒப்பந்தம் போனாலும் போகும். போகட்டும். தலையைக் குடுத்துப் பந்தைத் தடுக்கறது உன் தொழிலு, அடிபட்ட தலையோட, பாதிப் பார்வையோட நீ மறுபடி ஒரு கார்னர்ல எம்பறதை உக்காந்து பாக்க என்னால ஆகாது. அம்மாவுக்குப் பயமா இருக்கு. இதை எந்தப் பூச்சும் இல்லாமச் சொல்றேன். ஒருவேளை ஓய்வு எடுத்தாலே தீர்ற விஷயமாக்கூட இருக்கலாம், அதை நானும் நீயும் முடிவுபண்ண முடியாது, டாக்டர் பண்ணணும். ஊருக்கு வர்ற மாதிரி ஆச்சுன்னா வா, உன் கட்டில் மேல தங்கச்சி அச்சாபீஸ் பேப்பரா அடுக்கி வெச்சிருக்கா, ஒரு மணி நேரத்துல காலி பண்ணிடலாம்.

நீ நல்லா இருக்கணும், உன் காலும் கையும் கண்ணும் நூறு வருஷம் உன்கூட இருக்கணும், அப்பாவோட ஆசியும் இதோட சேத்து. குளிர்ல தலைக்கு ஏதாவது போட்டுக்கோ. படிச்சு முடிச்சதும் முதல்ல உங்க கிளப் டாக்டருக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லு. அப்புறம் இன்னொண்ணு. அந்த சைக்கிள் பொண்ணு பேரு எனக்குத் தெரியாது, வீடு தெரியாது, தினம் காலையில ஜன்னல்ல உக்காந்து போற வர்ற சைக்கிள் எல்லாம் பாக்கறேன், இன்னும் அவளைக் காணோம். உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல, அந்தக் கோல்கீப்பர் பையன் பக்கத்து ரூம்லதான் இருக்கான். எழுந்துபோய்க் கதவைத் தட்டு.

இப்படிக்கு,
இப்போதைக்கு பஸ் ஓட்டாத உன் அம்மா